பழைய ஸ்போர்ட்ஸ் காரின் எச்சரிக்கை விளக்குகளும் பிரேக்கும்: முழுமையான வழிகாட்டி

இன்றைய காரில் சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டு முழுக்க விளக்குகள் எரிந்து, பிறகு அணையும். கார் தன்னைத்தானே சோதித்துக்கொள்கிறது. 1960, 70களின் ஸ்போர்ட்ஸ் காரில் பெரும்பாலும் அப்படி எதுவும் இல்லை. ஒரு பல்பு, ஒரு ஒயர், ஒரு ஸ்விட்ச், அவ்வளவுதான். பல்பு போய்விட்டாலும் விளக்கு எரியாது, ஒயர் அறுந்தாலும் எரியாது, எல்லாம் சரியாக இருந்தாலும் எரியாது. மூன்றுக்கும் டேஷ்போர்டில் தெரிவது ஒரே இருட்டுதான்.

என்னிடம் வந்த பழைய இரண்டு சீட்டர் காரில் பிரேக் விளக்கு ஒருநாளும் எரிந்ததில்லை. நல்ல விஷயம் என்றுதான் நினைத்திருந்தேன். ஹேண்ட்பிரேக்கை இழுத்தால்கூட எரியவில்லையே என்பது மூன்று மாதம் கழித்துத்தான் உறைத்தது. டேஷ்போர்டுக்குப் பின்னால் கையை விட்டுப் பார்த்தால் ஹோல்டரில் பல்பே இல்லை. புது பல்பைப் போட்டதும் விளக்கு அணைய மறுத்தது. பின் சக்கரம் ஒன்றின் வீல் சிலிண்டரிலிருந்து பிரேக் ஆயில் ஒழுகி, டிரம்முக்குள் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் ஷூ நனைந்து ஊறிப்போயிருந்தது. முன்பு வைத்திருந்தவர் அந்த விளக்கின் தொல்லை தாங்காமல் பல்பைக் கழற்றியிருக்க வேண்டும். அதனால்தான் இந்த வழிகாட்டியை விளக்கு எரிந்தால் என்ன செய்வது என்பதிலிருந்து தொடங்காமல், அது எரியக்கூடிய நிலையில் இருக்கிறதா என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

விளக்குகளைச் சோதிப்பது

எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் போடுங்கள். சார்ஜ் விளக்கும், ஆயில் பிரஷர் விளக்கு இருக்கும் காரில் அதுவும் எரிய வேண்டும். அடுத்து ஹேண்ட்பிரேக்கை ஒரு கிளிக் மட்டும் இழுங்கள். அதோடு இணைத்த விளக்காக இருந்தால் பிரேக் விளக்கு எரியும். சில மாடல்களில் பிரேக் விளக்கை விரலால் அழுத்தினால் எரியும்படி அமைத்திருப்பார்கள். அது பல்பைச் சோதிப்பதற்காக மட்டும்.

எரியாத விளக்கு இருந்தால் கண்டுபிடிப்பது எளிது. ஆயில் விளக்கும் பிரேக் விளக்கும் பெரும்பாலும் எர்த் பக்கத்தில் ஸ்விட்ச் வைத்தவை. இக்னிஷன் போட்டதும் பல்புக்கு ஒரு பக்கம் பேட்டரி கரண்ட் வந்து காத்திருக்கும். மறுபக்கம் போகும் ஒயரை ஸ்விட்சானது காரின் பாடியோடு சேர்க்கும்போது விளக்கு எரியும். ஆகவே ஸ்விட்சில் இருந்து ஒயரைக் கழற்றி, அதன் முனையை எஞ்சினின் சுத்தமான உலோகப் பகுதியில் தொடுங்கள். விளக்கு எரிந்தால் பல்பும் ஒயரும் நல்லவை, ஸ்விட்சில்தான் கோளாறு. எரியாவிட்டால் பல்பு, ஃபியூஸ், ஒயர் என்று பின்னோக்கிப் போங்கள். எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும் விளக்குக்கு இதே சோதனையைத் திருப்பிப் போடலாம்: ஒயரைக் கழற்றியும் அணையவில்லை என்றால் வழியில் எங்கோ ஒயர் தேய்ந்து பாடியைத் தொடுகிறது.

ஒயரைத் தேடும்போது நிறம் உதவும். லூகாஸ் நிறுவனத்தின் ஒயரிங் உள்ள பிரிட்டிஷ் கார்களில் கறுப்பு எர்த், பழுப்பு நேரடி பேட்டரி, வெள்ளை இக்னிஷன், வெள்ளையில் பழுப்புக் கோடு ஆயில் விளக்கு, பழுப்பில் மஞ்சள் கோடு சார்ஜ் விளக்கு. ஜெர்மன் கார்களில் நிறத்தைவிட இணைப்பில் பொறித்திருக்கும் எண் நம்பகமானது: 30 என்றால் பேட்டரி, 15 இக்னிஷன், 31 எர்த், 61 சார்ஜ் விளக்கு. சம்பந்தமே இல்லாத இரண்டு மூன்று விளக்குகள் ஒன்றாக மங்கலாக எரிந்தால் ஒவ்வொன்றாகத் துருவ வேண்டாம். டேஷ்போர்டுக்குப் பின்னால் எர்த் ஒயர் முடியும் இடத்தில் துரு பிடித்திருக்கும். அதைச் சுரண்டி இறுக்கினாலே பாதி கார்கள் சரியாகிவிடும்.

சார்ஜ் விளக்கு, ஆயில் விளக்கு

பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற ஆல்டர்னேட்டர் உள்ள பழைய காரில் சார்ஜ் விளக்கு வெறும் அறிவிப்பு இல்லை. அந்தப் பல்பு வழியாகப் போகும் சிறு கரண்ட்தான் ஆல்டர்னேட்டரை எழுப்புகிறது. பல்பு போனால் எஞ்சின் வேகமெடுக்கும் வரை சார்ஜ் ஏறாமல் போகலாம். பழைய பல்பு எத்தனை வாட்டோ அதே அளவு போடுங்கள்; சாதாரண எல்இடி பல்பு போட்டுவிட்டு ஆல்டர்னேட்டர் போய்விட்டது என்று கவலைப்படுபவர்கள் உண்டு. ஆல்டர்னேட்டருக்குப் பதில் பழைய டைனமோ உள்ள காரில் ஐடிலில் விளக்கு லேசாக மினுக்குவது இயல்பு; ஆக்சிலரேட்டரைத் தொட்டதும் அணைய வேண்டும்.

போர்ஷே 911 போன்ற ஏர் கூல்டு கார்களில் இந்தச் சிவப்பு விளக்குக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. சார்ஜ் ஏற்றும் அதே பெல்ட்தான் எஞ்சினைக் குளிர்விக்கும் ஃபேனையும் சுற்றுகிறது. விளக்கு திடீரென்று எரிந்தால் பெல்ட் அறுந்திருக்கலாம். வீடு வரை ஓட்டிவிடலாம் என்ற எண்ணமே கூடாது; உடனே ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்துங்கள்.

ஆயில் விளக்கை அளவுக்கு மீறி நம்பாதீர்கள். பெரும்பாலான ஸ்விட்சுகள் அரை பார் அளவுக்கும் கீழே பிரஷர் இறங்கினால்தான் விளக்கை எரிய விடும். விளக்கு அணைந்திருக்கிறது என்றால் ஆயில் கொஞ்சமாவது ஏறுகிறது என்று மட்டுமே பொருள். ஓடும்போது அது எரிந்தால் எஞ்சினை அணைப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் வண்டி நிற்கும் முன் சாவியை முழுவதும் திருப்பி உருவிவிடாதீர்கள், ஸ்டியரிங் லாக் விழுந்துவிடும்.

டெம்பரேச்சர் முள் பற்றி ஒன்று. சூடேறி நின்ற முள் திடீரென்று "குளிர்" பக்கம் விழுந்தால் நிம்மதி அடைய வேண்டாம். தண்ணீர் சென்சாருக்குக் கீழே இறங்கிப்போயிருக்கலாம்.

சிவப்பு பிரேக் விளக்கு சொல்லும் மூன்று செய்திகள்

ஒரே விளக்குக்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். ஹேண்ட்பிரேக் முழுவதும் இறங்கவில்லை. ரிசர்வாயரில் பிரேக் ஆயில் குறைந்துவிட்டது. இரட்டைச் சுற்று பிரேக்கில் (அதாவது இரண்டு தனித்தனி ஆயில் லைன்கள் உள்ள பிரேக்கில்) ஒரு சுற்று அழுத்தம் இழந்துவிட்டது. எல்லாக் காரிலும் மூன்றும் இருக்காது. 1961இல் வந்த ஜாகுவார் ஈ டைப்பில் ஹேண்ட்பிரேக்குக்கும் ஆயில் அளவுக்கும் சேர்த்து ஒரே விளக்குதான். அமெரிக்காவில் விற்பதற்காக 1968 ஜனவரி 1 முதல் தயாரான கார்களுக்கு இரட்டைச் சுற்று பிரேக்கும் அதற்கான எச்சரிக்கை விளக்கும் கட்டாயமாயின. அதே மாடல் வேறு நாட்டில் விற்றபோது அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் ஒற்றைச் சுற்றோடு வந்ததுண்டு. பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான எம்ஜிபி அதற்கு நல்ல உதாரணம்.

உங்கள் கார் எந்த வகை என்று இப்போதே பானட்டைத் திறந்து பாருங்கள். மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் பிரேக் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஒரே பைப் கிளம்பினால் ஒற்றைச் சுற்று. இரண்டு கிளம்பினால் இரட்டை. பக்கத்தில் இன்னொரு சிறு சிலிண்டர் இருந்தால் அது பெரும்பாலும் கிளட்சுடையது, குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒற்றைச் சுற்றில் எங்கோ ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போகும். அந்த நேரத்தில் உங்களிடம் மிச்சம் இருப்பது ஹேண்ட்பிரேக் மட்டுமே. ஒற்றைச் சுற்று கார் வைத்திருப்பவர் ஹேண்ட்பிரேக்கை பார்க்கிங் சாதனமாக நினைக்கக் கூடாது.

இரட்டைச் சுற்றுக் கார்களில் பித்தளையில் ஒரு சிறு கட்டை இருக்கும். உள்ளே ஒரு குட்டி பிஸ்டன் இரண்டு சுற்றின் அழுத்தத்துக்கும் நடுவில் மிதக்கும். ஒரு பக்கம் அழுத்தம் இழந்தால் பிஸ்டன் அந்தப் பக்கம் தள்ளப்பட்டு, மேலே திருகியிருக்கும் பிளாஸ்டிக் ஸ்விட்சை அழுத்திவிடும். பல மாடல்களில் கோளாறைச் சரிசெய்த பிறகும் பிஸ்டன் தானாக நடுவுக்குத் திரும்பாது; விளக்கும் அணையாது. ஏர் எடுக்கும்போது, அதாவது லைனில் உள்ள காற்றை வெளியேற்றும்போது, மிதியை வேகமாக மிதித்தாலும் இதே கதைதான். அப்போது தள்ளப்பட்ட திசைக்கு எதிர்ச் சுற்றின் பிளீட் நிப்பிளை (சக்கரத்தின் அருகே காற்றை வெளியேற்றும் சிறு திருகை) திறந்து, மிதியை மெதுவாக அழுத்தினால் பிஸ்டன் நடுவுக்கு வந்து விளக்கு அணையும். அணைந்த நொடியே நிறுத்துங்கள். அந்தப் பிளாஸ்டிக் ஸ்விட்சைக் கழற்றிப் பார்க்கும்போது குழியில் ஈரம் இருந்தால் உள்ளே சீல் போய்விட்டது. திரும்ப மாட்டும்போது விரலால் மட்டும் முறுக்குங்கள். ஸ்பேனர் பட்டால் உடையும்.

ஓடும்போது விளக்கு எரிந்தால்

முதலில் ஹேண்ட்பிரேக் லீவரைக் கீழே தள்ளிப் பாருங்கள். அணையவில்லை என்றால் ஆக்சிலரேட்டரை விட்டு, மிதியை மென்மையாக ஒருமுறை தொட்டுப் பாருங்கள். வழக்கமான உயரத்தில் கெட்டியாக இருந்தால் மெல்ல ஓரம் கட்டி ஆயில் அளவைப் பார்க்கலாம். மிதி வழக்கத்தைவிடக் கீழே போனால் ஒரு சுற்று போய்விட்டது. பிரேக் பிடிக்கும், ஆனால் அதிக தூரமும் அதிக பலமும் தேவைப்படும். தரை வரை போனால் வேகமாகப் பலமுறை பம்ப் செய்யுங்கள், கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள், ஹேண்ட்பிரேக் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே லீவரைப் படிப்படியாக இழுங்கள். பட்டனை அழுத்திப் பிடிப்பது எதற்கென்றால், பின் சக்கரம் லாக் ஆனால் உடனே விட முடிய வேண்டும். சில பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் பட்டன் தலைகீழாக வேலை செய்யும்: அழுத்தினால்தான் லாக் விழும், அழுத்தாவிட்டால் லீவர் தானே இறங்கும். உங்கள் காரில் எப்படி என்று காலியான இடத்தில் ஒருமுறை பழகிக்கொள்ளுங்கள்.

மிதி சொல்வதைக் கேளுங்கள்

எந்த விளக்கையும்விட பிரேக் மிதி அதிகம் சொல்லும். வாரம் ஒருமுறை, காரை நகர்த்தும் முன், இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள்.

எஞ்சின் அணைந்திருக்கும்போது மிதியை ஒருமுறை மிதித்து, கால் எவ்வளவு தூரம் போகிறது என்று கவனியுங்கள். உடனே இரண்டாவது முறை மிதியுங்கள். முதலில் ஆழமாகப் போய், இரண்டாவதில் உயரமாகவும் கெட்டியாகவும் வந்தால் பின் டிரம் ஷூக்கள் தளர்ந்திருக்கின்றன. இரண்டாவதிலும் பஞ்சுபோல் அமுங்கினால் லைனில் காற்று இருக்கிறது. வளைவுகளில் ஓட்டியபின் முதல் மிதிப்பு மட்டும் நீளமாக இருந்தால் முன் சக்கர பேரிங்கைப் பாருங்கள். பேரிங் ஆடினால் டிஸ்க் சாய்ந்து பேடைப் பின்னுக்குத் தள்ளிவிடும்.

அடுத்தது மெதுவாக மிதித்து, லேசான அழுத்தத்தில் அரை நிமிடம் பிடித்திருப்பது. ஓங்கி மிதிக்க வேண்டாம். தேய்ந்த சீல் பலமான அழுத்தத்தில் சுவரோடு ஒட்டிக்கொண்டு நல்லபிள்ளையாக நடிக்கும், லேசான அழுத்தத்தில்தான் மாட்டிக்கொள்ளும். வெளியே எங்கும் ஒழுகல் இல்லாமலேயே மிதி மெல்ல இறங்கினால் மாஸ்டர் சிலிண்டருக்குள் சீல் போய்விட்டது. டிராஃபிக்கில் நிற்கும்போது கால் தானாக இறங்குவதுபோல் தோன்றுவது இதனால்தான். விளக்கும் எரியாது, ஆயிலும் குறையாது. எனக்கு மிகவும் பயமான கோளாறு இது.

எஞ்சினின் வேக்குவத்தால் (வெற்றிடத்தால்) மிதிக்குப் பலம் கூட்டும் சர்வோ உள்ள கார் என்றால், எஞ்சினை அணைத்து மிதியை ஐந்தாறு முறை பம்ப் செய்து வேக்குவத்தைத் தீர்த்துவிடுங்கள். காலை அழுத்தி வைத்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். மிதி காலுக்குக் கீழ் கொஞ்சம் இறங்க வேண்டும். அசையவே இல்லை என்றால் சர்வோ உதவவில்லை. முதலில் வேக்குவம் ஹோஸையும் அதன் ஒருவழி வால்வையும் பாருங்கள்.

ஓட்டும்போது தெரிவன வேறு. பிரேக் பிடித்தால் கார் இடப்பக்கம் இழுக்கிறது என்றால் பலர் இடது சக்கரத்தைத்தான் கழற்றுவார்கள். குற்றவாளி அநேகமாக வலது பக்கம்: அங்கே பேடை டிஸ்கில் அழுத்தும் காலிப்பரின் பிஸ்டன் இறுகி வேலை செய்யாததால் இடது மட்டும் பிடிக்கிறது. நீண்ட இறக்கத்தில் மிதி கெட்டியாக இருந்தும் கார் நிற்க மறுத்தால் லைனிங் சூடேறி பிடிப்பை இழந்துவிட்டது. மிதியே பஞ்சாகி உள்ளே போனால் பிரேக் ஆயில் கொதித்து ஆவியாகிவிட்டது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

பிரேக் ஆயில்

நாம் எல்லோரும் பிரேக் ஆயில் என்றே சொல்கிறோம், ஆனால் பெரும்பாலான கார்களில் அது எண்ணெய் வகையே இல்லை. எஞ்சின் ஆயிலையோ கியர் ஆயிலையோ தவறி ஊற்றினால் ரப்பர் சீல்கள் ஊதிப் பெருத்து, லைன் முழுக்கக் கெட்டுவிடும். தரையில் ஒரு சொட்டு கண்டால் என்னவென்று அறிய எளிய வழி உண்டு: ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் விடுங்கள். வழக்கமான பிரேக் ஆயில் கரைந்துவிடும், எண்ணெய் மிதக்கும்.

டப்பாவில் டாட் என்று எழுதியிருப்பது பிரேக் ஆயிலின் தரம். டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைகால் வகை. காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 3க்கு இது 205, 140. ஆகவே கார் ஓடாமல் ஷெட்டில் நின்றாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். டாட் 5 மட்டும் சிலிகோன், ஊதா நிறத்தில் இருக்கும், பெயிண்டைத் தின்னாது. ஆனால் மற்றவற்றோடு எந்தக் காரணத்துக்காகவும் கலக்கக் கூடாது. சிட்ரோயன் எஸ்எம் போன்ற கார்களில் பச்சை நிற மினரல் ஆயில் போகும். அங்கே டாட் 4 ஊற்றினால் சீல்கள் நாசம். மூடியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு ஊற்றுங்கள்.

ஒழுகலைக் காட்டிக்கொடுப்பது பெயிண்ட். மாஸ்டர் சிலிண்டர் திருகியிருக்கும் இடத்துக்குக் கீழே விரலால் தடவிப் பாருங்கள். பெயிண்ட் சுருங்கி, கொப்புளித்து, நகம் பட்டதும் தோலாக உரிந்தால் சிலிண்டரின் பின்பக்க சீல் நெடுநாளாகக் கசிகிறது. காருக்குள்ளும் குனிந்து, மிதியிலிருந்து சிலிண்டருக்குப் போகும் தள்ளுகோலில் உள்ள ரப்பர் உறையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துப் பாருங்கள். உள்ளே உலர்ந்திருக்க வேண்டும்.

சக்கரங்களைக் கழற்றிப் பார்ப்பது

ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். ஸ்டாண்டு வைத்த பிறகே கை வையுங்கள். அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். டிரம்மில் உள்ள தூளைக் காற்றால் ஊதக் கூடாது. பிரேக் கிளீனரால் நனைத்துத் துடையுங்கள்.

பேட் லைனிங் 3 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் மாற்றுங்கள். டிஸ்கின் குறைந்தபட்ச தடிமனை மேனுவலில் பார்த்து அளந்து ஒப்பிடுங்கள். காலிப்பரில் பிஸ்டனைச் சுற்றி உள்ள ரப்பர் கிழிந்திருந்தால் உள்ளே துரு புகுந்திருக்கும். ஓடுவதைவிட நிற்பதே அதிகம் என்னும் கார்களுக்கு இந்தத் துருதான் எதிரி. நான்கு டிஸ்க் பிரேக்கோடு 1965இல் வந்த கார்வெட்டின் காலிப்பர்கள் சும்மா நின்றே உள்ளே குழி விழுந்து ஒழுகியதால், உள்ளே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உறை போடுவதே வழக்கமான தீர்வாகிவிட்டது.

ரப்பர் ஹோஸ்கள் தனிக்கதை. வெளியே புதுசுபோல் இருக்கும். உள்சுவர் பிய்ந்து ஒருவழி வால்வாக மாறியிருக்கும். மிதித்தால் ஆயில் போகும், விட்டால் திரும்பி வராது. சக்கரம் சூடேறும், கார் இழுக்கும். இதைப் பிரித்தறிய, சக்கரம் இறுகியிருக்கும்போதே பிளீட் நிப்பிளைத் திறந்துவிடுங்கள். ஆயில் பீறிட்டுச் சக்கரம் விடுபட்டால் அழுத்தம் உள்ளே சிக்கியிருந்தது: ஒரு சக்கரம் மட்டும் என்றால் ஹோஸ், பல சக்கரங்கள் ஒன்றாக என்றால் மாஸ்டர் சிலிண்டர் பக்கம். மிதிக்கு ஃப்ரீ பிளே (பிரேக் வேலை தொடங்கும் முன் மிதியில் இருக்கும் சிறு தளர்வு) கொஞ்சமும் இல்லாவிட்டாலும் பல சக்கரங்கள் ஒன்றாக ஒட்டும். நிப்பிளைத் திறந்தும் விடுபடவில்லை என்றால் பிஸ்டனோ ஷூவோ இறுகிவிட்டது. பத்து ஆண்டு ஆன ஹோஸை நான் சோதிப்பதே இல்லை, மாற்றிவிடுவேன்.

பின் டிரம்களை அட்ஜஸ்ட் செய்யும்போது ஹேண்ட்பிரேக் கேபிளை முதலில் தளர்த்துங்கள். பின்னால் உள்ள அட்ஜஸ்டரைச் சக்கரம் சுற்றாத வரை திருகி, சுதந்திரமாகச் சுற்றும் வரை ஒன்றிரண்டு கிளிக் பின்வாங்குங்கள். நடுவில் மிதியை ஒருமுறை அழுத்திவிட்டுத் திரும்பச் சரிபாருங்கள், ஷூ நடுவில் உட்கார வேண்டும். அப்புறம்தான் கேபிள்.

ஏர் எடுப்பது

வழக்கமாக மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமான சக்கரத்தில் தொடங்கி அருகில் உள்ளதில் முடிப்பார்கள். இரட்டைச் சுற்றில் வரிசை மாறலாம், மேனுவலைப் பாருங்கள். ஒருவர் மிதியில், ஒருவர் நிப்பிளில். "அழுத்து" என்றதும் மெதுவாக அழுத்த வேண்டும். கீழே உள்ளவர் நிப்பிளை மூடி "விடு" என்று சொல்லும் வரை காலை எடுக்கக் கூடாது. டியூபின் மறுமுனை பழைய ஆயில் உள்ள பாட்டிலில் மூழ்கியிருக்கட்டும். ரிசர்வாயர் காலியாகிவிட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும்.

பழைய காருக்கே உரிய ஒரு விஷயம்: மிதிக்குக் கீழே ஒரு மரக்கட்டையை வையுங்கள். மாஸ்டர் சிலிண்டரில் சீல் தினமும் பயணிக்கும் பகுதி பளபளவென்று இருக்கும்; அதற்கு அப்பால் பல ஆண்டாகத் தொடப்படாத பகுதியில் துரு. மிதியைத் தரை வரை அழுத்தினால் சீல் அந்தத் துருவில் உரசிக் கிழியும். ஏர் எடுக்கும் முன் நன்றாக இருந்த சிலிண்டர், எடுத்த மறுநாள் ஒழுகத் தொடங்குவதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

சாலைக்குப் போகும் முன்

மிதியை ஒரு நிமிடம் ஓங்கி அழுத்திப் பிடித்து, உதவிக்கு இருப்பவரை ஒவ்வொரு இணைப்பையும் டிஷ்யூ காகிதத்தால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பின்னால் பிரேக் லைட் எரிகிறதா என்றும் பார்க்கட்டும். ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும் பழைய ஸ்விட்சுகள் வயதானால் ஓங்கி மிதித்தால்தான் எரியும், லேசாகப் பிடிக்கும்போது பின்னால் வருபவருக்கு எதுவும் தெரியாது.

முதல் ஓட்டம் காலியான சமதளத்தில், நடை வேகத்தில். அப்புறம் 30 கிலோமீட்டர், அப்புறம் 50. புது பேட் போட்டிருந்தால் பலமுறை மிதமாகப் பிடித்து, நடுவில் ஆறவிட்டுப் பழக்குங்கள். பத்து நிமிடம் ஓட்டி, கடைசி முந்நூறு மீட்டரைப் பிரேக் தொடாமல் உருட்டி நிறுத்துங்கள். இறங்கி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்பகுதிக்கும் அருகில் புறங்கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். மற்றவற்றைவிட ஒன்று அனலாக அடித்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் ஒட்டுகிறது. ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது வேலையே செய்யவில்லை.

கடைசியாக ரிசர்வாயரின் மேல் ஒரு டேப் ஒட்டி, ஆயில் நிற்கும் மட்டத்தில் கோடு போட்டு, பக்கத்தில் தேதியை எழுதிவையுங்கள். பேட் தேய்ந்தால் மட்டம் மாதக்கணக்கில் மெல்லத்தான் இறங்கும். ஒரே வாரத்தில் கோட்டுக்குக் கீழே போயிருந்தால் எங்கோ ஒழுகுகிறது. இடத்தைக் கண்டுபிடிக்கும் வரை ஆயிலை நிரப்பிக்கொண்டு ஓட்டாதீர்கள்.